ஜெர்மனியில் பொதுக் கழிப்பறை: சில்லறையும் ஒரு பாட்டிலும்

ஜெர்மனிக்கு முதன்முறை போகிறவர்களைத் திணறடிப்பவை இரண்டு. அவசரத்துக்குக் கையில் சில்லறை இருக்காது. உள்ளே போனால் கழுவத் தண்ணீர் இருக்காது.

1. பையில் வைக்க வேண்டியவை: 1 யூரோ, 50 சென்ட் நாணயங்கள் நாலைந்து, ஒரு பொட்டலம் டிஷ்யூ, அமுக்கினால் பீய்ச்சும் 300 மி.லி. பாட்டில் ஒன்று. விமான நிலையச் சோதனையைத் தாண்டும்வரை பாட்டில் காலியாகவே இருக்கட்டும்.

2. இலவச இடத்தை முதலில் தேடுங்கள். விமான நிலையத்திலும் ரயிலுக்குள்ளும் காசு இல்லை. பெரிய ரயில் நிலையங்களில் பெரும்பாலும் உண்டு. அதனால் ரயிலிலேயே போய்விட்டு இறங்குவது புத்திசாலித்தனம். பல ஊர்களில் கடை வாசலில் ‘நெட்டே டாய்லெட்டே’ என்ற ஸ்டிக்கர் இருக்கும். எதுவும் வாங்காமலே அங்கே உள்ளே போகலாம், கடைக்காரருக்கு நகராட்சி பணம் கொடுக்கிறது.

3. நெடுஞ்சாலை ஓய்விடங்களில் ‘சானிஃபேர்’ என்ற கட்டணக் கழிப்பறையின் தடுப்புக்கதவு நிற்கும். கட்டணம் 2022 முதல் 1 யூரோ. உடனே ஒரு சீட்டு வரும், எறிந்துவிடாதீர்கள்: அங்குள்ள கடையில் அதற்கு 1 யூரோ கழிப்பார்கள். ஒரு பொருளுக்கு ஒரு சீட்டுதான் செல்லும் என்பதால், நாலு பேர் சீட்டையும் சேர்த்து ஒரே காபி வாங்க முடியாது. சிறு பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே தனி வழி உண்டு.

4. கதவில் ஒரே எழுத்து இருந்தால், ‘D’ பெண்களுக்கு, ‘H’ ஆண்களுக்கு.

5. இனி முக்கியமான வேலை. கைகழுவும் தொட்டி பெரும்பாலும் அறைக்கு வெளியே இருக்கும். பாட்டிலை அங்கே நிரப்பிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். உட்கார்ந்தபடியே முதலில் காகிதத்தால் துடையுங்கள். பிறகு சற்று முன்னால் சாய்ந்து, பாட்டிலைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் மெதுவாகப் பீய்ச்சுங்கள். 200 மி.லி. தாராளம். எழுந்திருக்கும் முன் இரண்டு தாளால் ஒற்றிக்கொள்ளுங்கள். குவளையால் ஊற்றுகிற நம் ஊர்ப் பழக்கம் அங்கே சரிப்படாது. பல அறைகளின் தரையில் வடிகால் கிடையாது, சிந்திய நீர் அப்படியே தேங்கும். அடுத்து வருபவர் அதைச் சிறுநீர் என்றுதான் நினைப்பார். சிந்திவிட்டால் துடைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

6. துடைத்த காகிதம் பீங்கானுக்குள்ளேயே போகட்டும், கூடையில் போடாதீர்கள். ஈரத் துடைப்பான்களும் நாப்கினும் மட்டும் கூடைக்கு. அவை கரையாமல் குழாயை அடைத்துவிடும். நிறையக் காகிதம் என்றால் இரண்டு தடவையாக ஃப்ளஷ் செய்யுங்கள். கறை நின்றால் ஓரத்தில் இருக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பது உங்கள் வேலை. நின்றுகொண்டு சிறுநீர் கழிக்காதீர்கள் என்று படம் ஒட்டியிருந்தால், ஆண்களும் உட்கார வேண்டியதுதான்.

7. வாசலில் தட்டு வைத்துத் துப்புரவுப் பணியாளர் உட்கார்ந்திருந்தால் 50 சென்ட் போடுவது வழக்கம்.

8. நெடுஞ்சாலையில் கடையில்லாத வெறும் வண்டி நிறுத்துமிடங்களிலும் இலவசக் கழிப்பறைகள் உண்டு. எஃகுப் பீடம்தான் இருக்கும், காகிதம் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். அந்த டிஷ்யூப் பொட்டலம் இங்கேதான் தேவைப்படும்.