ஏதுப்போலியை இனங்காண்பது எப்படி? தலைக்கவசம் பற்றிய ஒரு வீட்டு வாதம்

ஒரு வாதத்தில் ஏதோ பிழை இருப்பதாக மனத்தில் பட்டும் அது எங்கே என்று காட்ட முடியாமல் நாம் தடுமாறுவதற்குக் காரணம், பெரும்பாலும், சொல்பவர் நிறுவ விரும்பும் முடிவையும் அதற்கு அவர் தரும் காரணத்தையும் தனித்தனியே பிரித்துப் பார்க்காததுதான். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் கற்பிக்கும் அளவை நெறியிலும், அதாவது தருக்க முறையிலும், இந்தப் பிரிப்பே அடிப்படை: மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய முடிவு; புகை இருப்பதால் என்பது ஏது, அதாவது காரணம்; புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கும் அடுக்களை அதற்கு எடுத்துக்காட்டு. ஏது போலத் தோன்றிப் பக்கத்தை நிறுவாமல் நிற்பது ஏதுப்போலி. இன்றைய பேச்சுக்கும் இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இருசக்கர வண்டியில் செல்பவர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 129ஆம் பிரிவில் கூறுகிறது. ஆயினும் மருமகன் வாசலில் நின்று, "மாமா, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போங்கள்" என்றால், பல வீடுகளில் முதலில் வரும் விடை, "இருபது வருஷமாக ஓட்டுகிறேன், எனக்கு என்ன ஆகிவிட்டது?" என்பதுதான். இங்கே பக்கம், தலைக்கவசம் தேவையில்லை என்பது. ஏது, இதுவரை விபத்து நேரவில்லை என்பது. ஏது முற்றிலும் உண்மையாக இருக்கும்போதே பக்கம் பொய்யாக இருக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியும், ஏனெனில் விழாத தலைக்குக் கவசம் பயன்படுமா, படாதா என்ற சோதனையே நிகழவில்லை. முடிவோடும் அதன் மறுப்போடும் ஒருங்கே பொருந்தும் இத்தகைய காரணத்தைப் பழைய அளவை நூலார் அநைகாந்திகம் என்றனர். மேலும், இந்த விடையைச் சொல்ல முடியாமல் போனவர்கள் நம் வாசலில் நின்று பேசுவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

"போட்டவனும்தான் செத்தான்" என்பது அடுத்தது. முழுப் பாதுகாப்பு இல்லை என்பதிலிருந்து பாதுகாப்பே இல்லை என்ற முடிவுக்கு அது தாவுகிறது. "போட்ட பிறகுதான் முடி கொட்டியது" என்பது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அந்த வயதில் கவசம் இல்லாமலே முடி கொட்டியிருக்குமா என்று கேட்டால் போதும். "நீ மட்டும் தினமும் போடுகிறாயா?" என்பது பேசுபவரைப் பற்றியதேயன்றிப் பேசப்படும் பொருளைப் பற்றியதன்று, மருமகன் போடாவிட்டால் அவர் தலைக்கும் அதே ஆபத்து உண்டு, அவ்வளவே.

பிழையைக் கண்டதும் அதன் பெயரைச் சொல்லிப் பெரியவரை மடக்குவது பயன் தராது. அவர் தம் மதிப்பைக் காக்கத் தொடங்கிவிடுவார். "விழுந்தவர்களில் போட்டவர் எத்தனை பேர் பிழைத்தார்கள், போடாதவர் எத்தனை பேர் பிழைத்தார்கள், மாமா?" என்று விடுபட்ட ஒப்பீட்டைக் கேள்வியாக முன்வைப்பதே நல்லது.

இதே சோதனையை நம் தரப்பு வாதத்துக்கும் வைக்க வேண்டும். "படித்தவர்கள் எல்லோரும் போடுகிறார்கள், ஆகவே அது நல்லது" என்பதும் ஏதுப்போலியே, அதன் முடிவு சரியாக இருந்தபோதிலும். அந்த ஏதுவைக் கைவிட்டு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2008இல் வெளியிட்ட மதிப்பாய்வைச் சொல்லலாம்: விபத்தில் சிக்கிய மோட்டார் சைக்கிள் ஓட்டிகளிடையே தலைக்கவசம் இறப்பின் அபாயத்தை ஏறத்தாழ 42 விழுக்காடும், தலைக்காயத்தின் அபாயத்தை ஏறத்தாழ 69 விழுக்காடும் குறைப்பதாக அது மதிப்பிட்டது.