முதல் வகுப்பில் சிலபஸை அறிமுகம் செய்வது எப்படி?

கல்லூரியில் புதிதாகப் பாடம் எடுக்க வந்திருக்கிறீர்களா? முதல் நாளே சிலபஸைக் கையில் எடுத்து, அலகு ஒன்றிலிருந்து ஐந்து வரை வரிவரியாக வாசிக்காதீர்கள். என் முதல் வருடத்தில் அப்படித்தான் செய்தேன்; பத்தே நிமிடத்தில் கடைசி பெஞ்சு தூங்கிவிட்டது. இப்போது செய்வதைச் சொல்கிறேன். சேலத்தில் புவியமைப்பியல் எடுக்கிறேன், அதனால் உதாரணமெல்லாம் கல்தான். உங்கள் பாடத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

1. முந்தின நாள் வேலை

பாதி வெற்றி இதில்தான். ஒவ்வொரு அலகையும் படித்து, மாணவர்கள் தினமும் பார்க்கும் ஒரு பொருளை அதற்கு நேராக எழுதுங்கள். 'சார்னகைட்' என்ற சொல்லைக் கண்டால் பிள்ளைகள் மிரளுவார்கள். ஏற்காடு போகும் வழியில், கொண்டை ஊசி வளைவுகளில் மலையை வெட்டிய இடத்தில் தெரியும் கருங்கல் அதுதான். அந்தப் பாறை மழையிலும் வெயிலிலும் நெடுங்காலம் சிதைந்து மலை உச்சியில் அலுமினியத் தாதுவான பாக்சைட் ஆனது என்றால் 'பாறைச் சிதைவு' அலகும் வந்துவிடும். 'பொருளாதாரக் கனிமங்கள்' அலகுக்குக் கஞ்சமலை இரும்புத்தாது இருக்கிறது.

2. பொருளை முதலில் காட்டுங்கள், தாளை அப்புறம் கொடுங்கள்

மேசையில் ஒரு வெள்ளைக்கல்லை வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பேன். போன வருடம் ஓமலூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி, "மேடம், இது எங்க ஊர்ப் பக்கம் ரோட்டோரமாவே கிடக்குமே!" என்றாள். அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருந்தாள். இதுதான் மேக்னசைட், இரும்பு உருக்கும் உலைக்குள் வைக்கும் செங்கல் இதிலிருந்து வருகிறது என்றேன். அதன் பிறகுதான் ஜெராக்ஸ் தாளைக் கொடுத்து, "இந்தக் கல் எந்த அலகில் இருக்கிறது, தேடுங்கள்" என்றேன். வகுப்பு முழுவதும் சிலபஸைத் தானே படித்தது.

3. மார்க் கணக்கு

சுருக்கமாக, ஆனால் ஒளிக்காமல் சொல்லுங்கள். இன்டர்னலுக்கு 25, செமஸ்டர் தேர்வுக்கு 75 என்றால், அந்த 25 எதெதற்கு என்று போர்டில் பிரித்து எழுதுங்கள். அசைன்மென்ட் தேதியையும் எழுதிவிடுங்கள். வாழப்பாடி, ஆத்தூரிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகளுக்கு முதல் பீரியட் வருகைப்பதிவுதான் பெரிய கவலை. அவர்கள் கேட்கத் தயங்குவார்கள், நீங்களே பேச்சை எடுங்கள்.

4. கடைசிப் பத்து நிமிடம்

ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. சிலபஸில் எதைத் தெரிந்துகொள்ள ஆசை என்று ஒரு கேள்வி எழுதச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம். "மேட்டூரில் அந்த இடத்தில் மட்டும் ஏன் அணை கட்டினார்கள்?" என்று ஒரு சீட்டில் இருந்தது. சீட்டுகளை அலகுவாரியாகப் பிரித்து உறையில் போட்டு வையுங்கள். அணைகளைப் பற்றிய பாடம் வந்த அன்று, அந்தச் சீட்டை வாசித்துத்தான் வகுப்பை ஆரம்பித்தேன்.