இரும்புத் தாது தேடல்: முதல் கட்டத்திலேயே சறுக்கும் இடங்கள்

சிங்கப்பூரில் இரும்புச் சுரங்கம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் இரும்புத் தாதுக்கான முன்பேர வணிகம் எஸ்ஜிஎக்ஸ் எனும் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் பெரிய அளவில் நடக்கிறது. மலேசியாவின் பஹாங், திரெங்கானு பக்கம் தாது தேடும் சிறு நிறுவனங்கள் முதலீடு கேட்டு இங்கே வருவதும் உண்டு. அப்படி ஒன்றில் பணம் போட நினைப்பவர்களுக்கும், அங்கே வேலைக்குப் போகும் நம் இளையர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

"இந்த மலையில் இரும்பு இருக்கிறது" என்ற பேச்சில் மயங்குவதுதான் முதல் தவறு. பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் சுமார் 5 சதவீதம் இரும்புதான். செம்மண் சிவப்பாக இருப்பதும் அதனால்தான். அந்த இரும்பு எந்தக் கனிமமாக இருக்கிறது, கூடவே என்னென்ன கலந்திருக்கிறது, எவ்வளவு தடிமன், துறைமுகம் எவ்வளவு தூரம்? கேட்க வேண்டியவை இவை.

அடுத்தது மாதிரி எடுப்பது. மலையேறிப் போகிறவர் கனமான, கறுத்த, பளபளக்கும் கல்லைத்தான் பையில் போடுகிறார். ஆய்வகம் 64 சதவீதம் இரும்பு என்கிறது. அந்த எண் அந்த ஒரு கல்லுக்கு மட்டுமே பொருந்தும். தாதுப்படுகையின் குறுக்கே, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, சீரான இடைவெளியில் நல்ல பாறையையும் மட்டமான பாறையையும் விடாமல் வெட்டி எடுத்தால்தான் சராசரி தெரியும். நம் வட்டாரத்து வெயிலும் மழையும் பாறையை அரித்து, மேற்பரப்பில் இரும்பு செறிந்த செம்பாறை ஓடு ஒன்றை உண்டாக்கிவிடும். மேலே 50 சதவீதம் காட்டும் அந்த ஓட்டுக்குச் சில மீட்டர் கீழே வெறும் களிமண்கூட இருக்கலாம்.

கையில் இருப்பது என்ன கல் என்று பார்க்காமலே வேலையை நகர்த்துவதும் அடிக்கடி நடக்கிறது. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மெருகு பூசாத பீங்கான் ஓட்டில் கல்லைத் தேய்த்துப் பாருங்கள். கோடு செம்பழுப்பாக விழுந்தால் ஹேமடைட், கறுப்பாக விழுந்தால் மேக்னடைட், மஞ்சள் கலந்த பழுப்பு என்றால் கோதைட்; மூன்றுமே இரும்புக் கனிமங்கள்தான். நூலில் கட்டிய காந்தத்தை அருகே கொண்டுபோனால் மேக்னடைட் வெடுக்கென்று இழுக்கும். இந்த வித்தியாசம் திட்டத்தின் தலையெழுத்தையே மாற்றும். நல்ல ஹேமடைட் தாதுவை உடைத்துச் சலித்தாலே கப்பலேற்றலாம். சேலம் கஞ்சமலையில் இருப்பதுபோன்ற மேக்னடைட் குவார்ட்சைட்டை (மேக்னடைட் கலந்த கடினமான பாறையை) மாவாக அரைத்து, காந்தத்தால் பிரித்தால்தான் விற்க முடியும். அதற்கு ஆலை, மின்சாரம், தண்ணீர் எல்லாம் வேண்டும். அதனால் 35 சதவீத மேக்னடைட்டையும் 60 சதவீத ஹேமடைட்டையும் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். மேக்னடைட் என்றால், அரைத்துப் பிரித்தபின் எத்தனை சதவீத எடை மிஞ்சுகிறது என்று டேவிஸ் குழாய்ச் சோதனையில் தொடக்கத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

காந்தப்புல அளவீட்டு வரைபடத்தில் காந்தம் வலுத்துச் சிவப்பாகத் தெரியும் இடமெல்லாம் தாது என்று நினைப்பது இன்னொரு தவறு. டோலரைட் போன்ற பாறைகளும் பிரோடைட் என்ற கந்தகக் கனிமமும் அதே சிவப்பைக் காட்டும். மாறாக, ஹேமடைட்டின் காந்தத்தன்மை மிகக் குறைவு என்பதால் நல்ல படுகைகூட வரைபடத்தில் தெரியாமல் போகலாம். தாது கனமானது என்பதால் அங்கே ஈர்ப்புவிசை அளவீடு கைகொடுக்கும்.

துளை போட்ட பிறகு வரும் தவறுதான் பணத்தை அதிகம் விழுங்குகிறது. "40 மீட்டர் தாது வெட்டினோம்" என்று அறிவிப்பு வரும். படுகை 60 பாகை சாய்ந்திருக்க, துளை செங்குத்தாக இறங்கியிருந்தால் உண்மையான தடிமன் 20 மீட்டர்தான். 500 மீட்டர் நீளம், சாய்வின் போக்கில் 100 மீட்டர், கனமீட்டருக்கு 3.5 டன் என்று போட்டுப் பாருங்கள்: 70 லட்சம் டன் என்று நினைத்தது 35 லட்சம் டன்னாகிவிடும். அந்த 3.5 என்ற அடர்த்தியும் துளையில் எடுத்த பாறையை நிறுத்துப் பார்த்ததாக இருக்க வேண்டும். புத்தகத்தில் பார்த்து எழுதியதை நம்பக் கூடாது.

ஆய்வக அறிக்கையில் இரும்பு சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். சிலிக்கா, அலுமினா, பாஸ்பரஸ், கந்தகம், டைட்டானியம் எல்லாம் அதே அறிக்கையில் இருக்க வேண்டும். பாஸ்பரஸ் அதிகமானால் எஃகு நொறுங்கும் தன்மை பெறும். டைட்டானியம் கூடினால் ஊதுலையில் கசடு கெட்டியாகிவிடும். வாங்குபவர் இதற்கெல்லாம் விலையைக் குறைப்பார், அல்லது வேண்டாம் என்றே சொல்லிவிடுவார். அப்புறம், ஆய்வகத்தின் முடிவைச் சரிபார்க்க, மாதிரிகளோடு தரம் தெரிந்த ஒப்பீட்டுத் தூளும் இரட்டை மாதிரிகளும் சேர்த்து அனுப்பப்பட்டனவா என்று கேளுங்கள். கைக்கருவியை வைத்துப் படித்த அளவு ஆய்வக முடிவுக்கு ஈடாகாது.

கனிம அளவை நிறுவனங்கள் எப்படி அறிவிக்க வேண்டும் என்று சொல்லும் ஆஸ்திரேலியாவின் ஜோர்க் விதிமுறைப்படி, தேடல் இலக்கு (இருக்கலாம் என்ற ஊகம்) என்பது வேறு, கனிம வளம் (போதிய மாதிரிகளை வைத்துக் கணக்கிட்டது) என்பது வேறு. இலக்கை ஒற்றை எண்ணாகச் சொல்லக் கூடாது. டன்னையும் தரத்தையும் "இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை" என்றுதான் சொல்ல வேண்டும், வளம் கண்டறியப்படும் என்பது உறுதியில்லை என்ற எச்சரிக்கையும் கூடவே வர வேண்டும். அது இல்லாத விளம்பரத் தாள் கையில் கிடைத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

விலையிலும் ஏமாறுகிறார்கள். செய்தியில் வரும் விலை சீனத் துறைமுகத்தில் போய் இறங்கும் குறிப்பிட்ட தரத் தாதுவுக்கானது, கப்பல் கூலியும் அதற்குள் அடக்கம். லாரி வாடகை, துறைமுகக் கட்டணம், அரசுக்குக் கட்டும் உரிமத்தொகை, தரக்குறைவுக்கான தள்ளுபடி எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் சுரங்க வாசலில் கிடைக்கும் விலை. கினியாவின் சிமாண்டு மலையில் இருப்பது சுமார் 65 சதவீதத் தாது. அங்கே 1997-இலேயே தேடல் உரிமம் கொடுத்தாகிவிட்டது. 600 கிலோமீட்டருக்கும் மேல் ரயில் பாதை போட்டு முதல் கப்பல் கிளம்ப 2025 ஆகிவிட்டது. 58 சதவீதத் தாதுவைக் காட்டி, அடுத்த ஆண்டே ஏற்றுமதி என்று சொல்பவரிடம், எந்தச் சாலை வழியாக, எந்தத் துறைமுகத்துக்கு, டன்னுக்கு எவ்வளவு செலவில் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.