ஒரே கணினியில் தமிழ், பர்மியம், ஆங்கிலம்: திரைவாசிப்பானை ஒருவருக்கொருவர் அமைத்துக் கொடுக்க

பர்மாவில் (மியான்மாரில்) ரங்கூனிலும் பெகுவிலும் மௌலமைனிலும் கணினியைக் காதால் இயக்கும் தமிழருக்கு மூன்று மொழிகளை வாசித்தாக வேண்டியிருக்கிறது. கோயில் அறிவிப்பும் உறவினர் அனுப்பும் செய்தியும் தமிழில் வருகின்றன. படிவங்களும் கடைக் கணக்கும் பர்மியத்தில் இருக்கின்றன. மென்பொருள்களின் பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலம். "குரல் உளறுகிறது" என்று ஒருவர் உதவி கேட்டவுடன், உதவ வந்தவர் வேறு குரலைத் தேடி இறக்கத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. குரலைத் தொடுவதற்கு முன் எழுத்தைச் சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில் பல வேளைகளில் குரல் தனக்குக் கொடுக்கப்பட்டதைச் சரியாகவே வாசிக்கிறது, கொடுக்கப்பட்ட எழுத்துதான் பிழையாக இருக்கிறது.

இங்கே சொல்லப்படுவது விண்டோஸ் கணினிக்கும், திரையில் உள்ளதைக் குரலாக வாசித்துச் சொல்லும் என்விடிஏ (NVDA) திரைவாசிப்பானுக்கும் உரியது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற நிரலாளர் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய இம்மென்பொருள் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதனுடனேயே வரும் ஈஸ்பீக் என்ற குரலில் தமிழும் பர்மியமும் இரண்டும் இருப்பதால், இணையம் அற்றுப்போகும் நாளிலும் வாசிப்பு நிற்பதில்லை. அக்குரலில் இனிமை இல்லை என்பது உண்மைதான். ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் தெளிவு குலையாத குரல் அது.

எழுத்துச் சோதனைக்கு வருவோம். பர்மிய எழுத்து கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கப்பட்டு வந்திருக்கிறது. ஒன்று உலகப் பொதுத் தரமான யூனிகோட், மற்றது நெடுங்காலம் நாடெங்கும் புழங்கிய ஜாவ்ஜி. 2019 அக்டோபர் 1 அன்று நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியபோதிலும், அதற்கு முந்தைய கோப்புகளும் பழைய கைப்பேசிகளில் தட்டச்சான செய்திகளும் இன்னும் ஜாவ்ஜியில்தான் இருக்கின்றன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றக்கூடும், காதுக்கு அப்படியில்லை. தமிழில் கொம்பு எழுத்துக்கு முன்னால் தோன்றினாலும் யூனிகோடில் மெய்க்குப் பின்னரே சேமிக்கப்படுவது போலவே, பர்மிய எகரக் குறியும் யூனிகோடில் மெய்க்குப் பின் வரும். ஜாவ்ஜியிலோ கண்ணில் படும் வரிசைப்படி மெய்க்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்.

இதைக் கண்பார்வை உள்ளவரின் துணையின்றியே கண்டுபிடிக்கலாம். "நே கௌங் லா" என்று நலம் விசாரிக்கும் வாக்கியத்தில் தொடங்கும் ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, அதன் முதல் எழுத்தில் நின்று, எண்பலகையின் 2 என்ற விசையை விரைவாக மூன்று முறை அழுத்துங்கள். மடிக்கணினி அமைப்பில் என்விடிஏ விசையுடன் (இன்செர்ட் அல்லது கேப்ஸ்லாக்) முற்றுப்புள்ளியை மூன்று முறை அழுத்த வேண்டும். திரைவாசிப்பான் அவ்வெழுத்தின் குறியெண்ணைச் சொல்லும். முதலில் கேட்பது 4116 என்றால் அது நகர மெய், எனவே செய்தி யூனிகோடாக இருக்கும். 4145 என்று கேட்டால் எகரக் குறி முன்னே நிற்கிறது, ஆகவே அது ஜாவ்ஜி. தமிழுக்கும் இதே சோதனை பயன்படும். தமிழ் யூனிகோட் எழுத்துகளின் எண்கள் 2944 முதல் 3071 வரை அமையும். இருநூற்று ஐம்பத்தாறுக்கும் குறைவான எண் வந்தால், அந்த அழைப்பிதழைத் தட்டச்சு செய்தவர் பாமினி போன்ற பழைய எழுத்துருவைப் பயன்படுத்தியிருக்கிறார் என்று கொள்ளலாம். அதைத் தமிழ்க் குரலால் ஒருநாளும் வாசிக்க முடியாது. கோப்பை மாற்றித்தான் ஆக வேண்டும்.

மாற்றுவதற்கு இலவசக் கருவிகள் உண்டு. பர்மியத்துக்கு ராபிட் கன்வர்ட்டர் பலருக்கும் பழக்கமானது. ஏற்கெனவே யூனிகோடில் இருக்கும் செய்தியை மீண்டும் மாற்றினால் அது கெட்டுவிடும் என்பதால், மூலத்தின் படி ஒன்றை வைத்துக்கொண்டே மாற்றுங்கள். படமாக வரும் அறிவிப்புகளின் கதை வேறு. என்விடிஏ விசையுடன் ஆர் அழுத்தினால் இயங்கும், படத்திலுள்ள எழுத்தைப் படித்தறியும் விண்டோஸின் எழுத்துணரி தமிழையும் பர்மியத்தையும் அறியாது. இரண்டுக்கும் பயிற்சித் தரவு உள்ள டெசராக்ட் என்ற எழுத்துணரியைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும்.

எழுத்து சரியாக இருக்கிறது என்று உறுதியான பின்னரே குரலுக்குப் போக வேண்டும். மொழி மாறும் ஒவ்வொரு முறையும் அமைப்புப் பெட்டிக்குள் நுழைந்து குரலை மாற்றுவது சலிப்பூட்டும் வேலை. என்விடிஏ விசை, கண்ட்ரோல், பி (P) மூன்றையும் சேர்த்து அழுத்தி அமைப்புத் தொகுப்புகளைத் திறந்து, கைமுறையாகச் செயல்படுத்தும் வகையில் "பர்மியம்" என்றொரு தொகுப்பை உருவாக்குங்கள். அது செயலில் இருக்கும்போது ஈஸ்பீக்கின் மொழியைப் பர்மியமாக்கி, வேகத்தைச் சற்றுக் குறைத்துச் சேமியுங்கள். பிறகு உள்ளீட்டுச் சைகைகள் என்ற பெட்டியில் அத்தொகுப்புக்கு ஒரு விசைச்சேர்க்கையை ஒதுக்கிவிட்டால், ஒரே அழுத்தில் தமிழிலிருந்து பர்மியத்துக்குச் சென்று திரும்பலாம். ஆங்கிலத்துக்குத் தனித் தொகுப்பு தேவைப்படுவது அரிது. தமிழ்க் குரலில் இருக்கும்போதே ரோமன் எழுத்துச் சொற்களை ஈஸ்பீக் ஆங்கிலமாக வாசித்துவிடுகிறது.

அந்த இயல்பை ஒரு வசதியாகவும் ஆக்கிக்கொள்ளலாம். ரங்கூனின் பஹான் பகுதியை "பஹான்" என்று தமிழில் எழுதினால், சொல் முதலில் வரும் பகரத்தைத் தமிழ்க் குரல் வல்லெழுத்தாகவே உச்சரிக்கும். ரங்கூன்வாசிகளின் காதுக்கு அது வேறு ஊராகக் கேட்கும். பேச்சு அகராதியில் அச்சொல்லுக்கு மாற்றாக அதையே ரோமன் எழுத்தில் கொடுத்துவிட்டால் ஒலிப்பு நம் வழக்கத்துக்கு நெருங்கி வரும். ஆனால் தமிழ் விகுதி சேர்க்கும் மொழி. "பஹான்" என்று பதிந்தது "பஹானில்" என்பதில் பொருந்தாது, ஏனெனில் அங்கே னகரத்தின் மேல் புள்ளி இல்லை. புள்ளியை நீக்கிப் பதிந்தால் மாற்றீட்டுக்குப் பின் இகரக் குறி மட்டும் அநாதையாக நிற்கும். எனவே அடிக்கடி வரும் வடிவங்களைத் தனித்தனியாகப் பதிவதே வழி. "முழுச்சொல்" என்ற தேர்வையும் தமிழில் நம்பிவிடக் கூடாது. புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்தாக எண்ணாத நிரல் விதியால், உயிர்க்குறியில் முடியும் "திரு" தனியே நிற்கும்போது பொருந்தாமல், "திருமணம்" என்பதன் முற்பகுதியில் பொருந்திவிடக்கூடும். இது பதிப்புக்குப் பதிப்பு மாறலாம் என்பதால், பதிந்தவுடன் இரண்டையும் வாசிக்கச் செய்து பாருங்கள். "கி.மீ." போன்ற சுருக்கங்களைப் பதியும்போது ஒழுங்குக்கோவை (regular expression, எழுத்து வடிவங்களைத் தேடும் குறியீட்டு முறை) வகையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அதில் முற்றுப்புள்ளி எந்த எழுத்தையும் குறிக்கும்.

அடுத்தது தானியக்கம். ஆட்டோஹாட்கீ என்ற இலவசக் கருவியில், சில எழுத்துகளைத் தட்டினால் முழு வாக்கியமாக விரியும் குறுஞ்சொற்களை அமைக்கலாம். நேர்த்திக்கடன் ரசீதுக்கும் சங்கக் கடிதத்துக்கும் மாறாத முகப்பு வாசகம் உண்டல்லவா, அவற்றுக்கு இது மிகவும் ஏற்றது. நீண்ட வாசகத்தை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டும்படி அமைத்தால் திரைவாசிப்பான் அத்தனையையும் ஒப்பிக்கத் தொடங்கிவிடும். கிளிப்போர்டில் வைத்து ஒட்டும்படி அமைப்பது காதுக்கு நிம்மதி. ஒருவர் எழுதிய நிரலை வாங்கிக்கொள்ளும்போது அது முதல் பதிப்புக்கு எழுதப்பட்டதா இரண்டாம் பதிப்புக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றின் நிரல் மற்றதில் ஓடாது. கோப்பு யூடிஎஃப்-8 (UTF-8) என்ற யூனிகோட் முறையில் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். முதல் பதிப்பாயின் அதன் தொடக்கக் குறியும் (BOM) தேவை, இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் சிதைந்துவிடும். இன்செர்ட், கேப்ஸ்லாக் ஆகிய விசைகள் திரைவாசிப்பானுக்குச் சொந்தமானவை. அவற்றில் எந்த நிரலையும் ஏற்றாதீர்கள்.

தேர்ந்தெடுத்த பர்மியப் பகுதியை நகலெடுத்து, ஜாவ்ஜியிலிருந்து மாற்றி, உடனே பேச வைக்கும் நிரலையும் இதில் எழுத முடியும். மாற்றும் விதிகள் வரிசையாகச் செயல்படும் ஒழுங்குக்கோவைகளே. பேச வைப்பதற்கு என்விடிஏ வழங்கும் கட்டுப்பாட்டு நூலகக் கோப்பைப் பயன்படுத்தலாம். அது 32 பிட்டா 64 பிட்டா என்பது ஆட்டோஹாட்கீயுடன் ஒத்திருக்க வேண்டும். செய்தி ஜாவ்ஜியா என்று நிரலே தீர்மானிக்கும்படி விட நான் விரும்புவதில்லை. கூகுளின் மியான்மார் டூல்ஸ் போன்ற கண்டறிவான்கள் நிகழ்தகவைத்தான் தருகின்றன, நாலைந்து எழுத்துச் செய்தியில் அது தடுமாறும். காதால் கேட்டு முடிவு செய்து விசையை அழுத்துவதே மேல்.

இவ்வளவையும் ஒருவர் அமைத்துவிட்டால் அடுத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. என்விடிஏயின் கருவிகள் பட்டியலில் கையடக்கப் படி உருவாக்கும் வசதி இருக்கிறது. பென்டிரைவில் உருவாக்கும்போது தற்போதைய அமைப்புகளையும் நகலெடுக்கும் பெட்டியைக் குறியிட மறந்தால் அகராதியும் தொகுப்புகளும் அதில் வராது. அகராதி மட்டும் போதுமென்றால், பயனர் அமைப்புக் கோப்புறைக்குள் பேச்சு அகராதிகள் இருக்கும் உறையை அனுப்பலாம். ஆனால் பெறுபவரிடம் ஏற்கெனவே அகராதி இருந்தால், மேலெழுதும் முன் அதற்கொரு படி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

தொலைபேசியில் உதவும்போது விசைகளை மட்டுமே சொல்லுங்கள். "மேலே வலப்புறம் பாருங்கள்" என்பதால் பயனில்லை. ஒவ்வோர் அழுத்துக்குப் பின்னும் கணினி சொன்னதை அவர் வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்லட்டும். அது கைகூடாவிட்டால், 2025.1 பதிப்பிலிருந்து என்விடிஏக்குள்ளேயே இருக்கும் தொலைநிலை அணுகலைப் பயன்படுத்தலாம். அதில் பேச்சு ஒலியாக அல்லாமல் எழுத்தாகவே கடந்து வருவதால் மெதுவான இணைப்பிலும் ஓடும். வந்த எழுத்தை உதவுபவரின் கணினியில் உள்ள குரல் வாசிக்கும். அவர் பர்மியத் தொகுப்புக்கு மாறாமல் இருந்தால் பர்மிய வரிகள் அவருக்குச் சரியாகக் கேட்காது, பழுது எதிர்ப்புறத்தில் இருப்பதாக எண்ணிவிட வேண்டாம். இணைப்புத் திறவுகோலை ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்குங்கள். மின்னணுப் பணப்பையையோ வங்கிச் செயலியையோ திறக்கும் முன் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊரில், வேலையைத் தொடங்கும் முன் என்விடிஏ விசையுடன் ஷிஃப்ட், பி (B) அழுத்தி இரு தரப்பும் மின்கல அளவைக் கேட்டுக்கொள்வது நல்லது.