பீங்கானின் அடிமுத்திரையைப் படித்து வயதைக் கணிப்பது எப்படி?

பழைய பீங்கான் தட்டோ கோப்பையோ கையில் கிடைத்தால் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் இருக்கும் முத்திரை, பொருள் செய்த வருடத்தை நேரடியாகச் சொல்வது அபூர்வம். 'இந்த வருடத்துக்கு முந்தையது அல்ல' என்றுதான் பெரும்பாலும் சொல்லும். ஒரே அடியில் பல தடயங்கள் இருந்தால், எது காலத்தால் பிந்தியதோ அதுதான் கணக்கு.

படி 1: சுத்தம், வெளிச்சம்

10 மடங்கு லென்ஸ், சின்ன டார்ச், மெல்லிய தாள், 4பி பென்சில் போதும். போன் கேமராவை மட்டும் நம்பாதீர்கள். கிளேஸின் (பீங்கானின் கண்ணாடி போன்ற மேல்பூச்சு) பளபளப்பில் பாதி எழுத்து மறைந்துவிடும். அழுக்கை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரால் எடுங்கள். ப்ளீச் வேண்டவே வேண்டாம், அது விரிசலுக்குள் இறங்கி கிளேஸைப் பெயர்த்துவிடும்.

படி 2: முத்திரை எப்படி வைக்கப்பட்டது?

ஈரக் களிமண்ணில் அழுத்தியது, கிளேஸுக்கு அடியில் அச்சிட்டது, கிளேஸுக்கு மேல் வைத்தது என்று மூன்று வகை. நகத்தால் மெல்ல வருடினால் மேலே வைத்தது தட்டுப்படும். அதை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பதால் அதற்கு மதிப்பெண் குறைவு. அழுத்திய முத்திரைக்கு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். அப்படியும் தெரியாவிட்டால் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள்.

படி 3: நாட்டின் பெயர்

இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891-இல் நடைமுறைக்கு வந்தது. அதனால் 'இங்கிலாந்து' என்றிருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிறகு. 'மேட் இன் இங்கிலாந்து' என்றால் பொதுவாக 20-ஆம் நூற்றாண்டு. 'நிப்பான்' 1891 முதல் 1921 வரை, அதன்பின் 'ஜப்பான்'. 'ஆக்குபைடு ஜப்பான்' இருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய, 1952 வரையிலான சரக்கு. நிப்பான் முத்திரையைப் போலியாக வைப்பவர்கள் ஏராளம், உஷார்.

படி 4: பிரிட்டிஷ் வைரக்கட்டம்

பலரும் 26 வருடம் தவறுவது இங்கேதான். 1842 முதல் 1883 வரை பதிவான வடிவங்களுக்கு வைர வடிவக் குறி உண்டு. உச்சியில் ஒரு வட்டம், அதற்குள் ரோமன் நான்கு (மட்பாண்ட வகுப்பு). அந்த வட்டம் மேலே வரும்படி முதலில் பொருளைத் திருப்புங்கள். திருப்பாமல் படித்தால் எல்லாமே தப்பாகும்.

வட்டத்துக்கு நேர் கீழே, மேல் மூலையில் எழுத்து இருந்தால் 1842–67. அந்த எழுத்துதான் வருடம். அங்கே எண் இருந்தால் 1868–83. அப்போது வருட எழுத்து வலது மூலைக்குப் போய்விடும். 'எக்ஸ்' மேலே இருந்தால் 1842, வலதில் இருந்தால் 1868. 'ஹெச்' என்றால் 1843 அல்லது 1869. எழுத்துகள் அகரவரிசையில் போவதில்லை, அட்டவணை இல்லாமல் ஊகிக்காதீர்கள்.

ஒரு மாதிரி: மேலே 6, வலதில் ஹெச், கீழே ஜி. அதாவது 1869 பிப்ரவரி 6. இரண்டாம் காலகட்டத்தில் (1868–83) மேல் மூலை நாள், கீழ் மூலை மாதம், இடது மூலை பதிவுக் கட்டு எண். கிளேஸ் தேங்கினால் ஜி-யும் சி-யும் ஒன்றுபோலத் தெரியும். சி என்றால் ஜனவரி! வலதில் 'டபிள்யூ' இருந்தால் குழம்ப வேண்டாம், 1878 மார்ச் 1–6 ஆகிய ஆறு நாளுக்கு மட்டும் வந்த விதிவிலக்கு அது.

இதெல்லாம் வடிவம் பதிவான நாள், சூளையிலிருந்து வந்த நாள் அல்ல. அதே தட்டில் 'இங்கிலாந்து' என்றும் இருந்தால் 1869-ஐ விட்டுவிட்டு 1891-ஐப் பிடியுங்கள். 1884 முதல் வைரத்துக்குப் பதில் 'ஆர்டி நம்பர்' (பதிவு எண்) வந்தது; 1900 தொடக்கத்தில் அது 3,51,000-ஐத் தாண்டியிருந்தது.

படி 5: நிறுவனத்தின் குறி

ராயல் வொர்செஸ்டர் 1892-இல் ஒரு புள்ளி வைத்து, ஆண்டுக்கொன்றாகக் கூட்டியது. 24 புள்ளி என்றால் 1915. ராயல் டோல்டனில் சிங்கத்துக்கும் கிரீடத்துக்கும் பக்கத்தில் சிறிய எண் இருந்தால் 1927-ஐக் கூட்டுங்கள். வெட்ஜ்வுட் பெயரில் நடுவே கூடுதலாக ஓர் 'இ' இருந்தால் அது அசல் நிறுவனமல்ல.

மன்னரின் பெயரைச் சொல்லும் சீன ஆறெழுத்து முத்திரையை வலது வரிசையிலிருந்து மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். ஆனால் பேரரசர் காங்ஷி காலத்துக் (1662–1722) குயவர்களே, முன்னோருக்கு மரியாதையாக முந்தைய மிங் வம்ச மன்னர் செங்ஹுவாவின் பெயரை எழுதினார்கள். அங்கே எழுத்தை ஓரங்கட்டிவிட்டு, கிளேஸ் படாத அடிவளையத்தின் களிமண்ணையும் தேய்மானத்தையும் லென்ஸில் பாருங்கள்.