பிள்ளை ஏ லெவலில் புவியியல் எடுக்கிறேன் என்றால்: கடலூர், புதுச்சேரியிலிருந்து இங்கிலாந்து வருபவர்களுக்கு

பத்தாவது முடித்த பிள்ளையோடு இங்கே குடிவந்தால் முதலில் முன்னால் வந்து நிற்கிற கேள்வி, நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரியான ஏ லெவலில் எந்த மூன்று பாடம் என்பதுதான். புவியியல் என்று பிள்ளை சொன்னதும் அப்பா அம்மா முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! சமூக அறிவியல் புத்தகத்தைப் பத்தாவதோடு மூடிவிட்டு ஃபர்ஸ்ட் குரூப்புக்கு ஓடியவர்கள் நாம். இங்கே குரூப் கிடையாது. பள்ளியின் கால அட்டவணை இடம் கொடுத்தால் கணிதம், உயிரியலோடு புவியியலையும் எடுக்கலாம். பல்கலைக்கழகங்களும் மதிக்கிற பாடம், தடுக்காதீர்கள்.

இரண்டு வருடப் படிப்பு. இயற்கைப் புவியியல், மானுடப் புவியியல் இரண்டும் உண்டு. ஏக்யூஏ, எடெக்ஸெல், ஓசிஆர் என்று தேர்வு வாரியங்கள் பல. உங்கள் பள்ளியில் எது என்று கேட்டுவிட்டு அப்புறம் பழைய வினாத்தாள்களைத் தேடுங்கள். 80 சதவீதம் எழுத்துத் தேர்வு, 20 சதவீதம் மாணவர் தனியாகச் செய்யும் கள ஆய்வு.

நம் பிள்ளைகள் திணறுவது நீண்ட கேள்விகளில். கடல் அரிப்புக்கான காரணங்களை ஒன்று விடாமல் ஒப்பித்தாலும் நல்ல மார்க் வராது. ஒரு கருத்தைக் கொடுத்து, அதை எந்த அளவுக்கு ஏற்கிறாய் என்பார்கள். ஓர் இடத்தில் நடந்ததைச் சான்றாக வைத்து வாதாட வேண்டும்.

அதற்கு ஊர் அனுபவம் கைகொடுக்கும். வகுப்பில் அடிக்கடி வருவது இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கிற ஹோல்டர்னஸ் கடற்கரை. பனியாறு விட்டுப்போன களிமண் கரை அது. வருடத்துக்குச் சராசரியாக 2 மீட்டர் அளவுக்குக் கடல் எடுத்துக்கொள்கிறது. 1991இல் அங்கே மேப்பிள்டன் கிராமத்தில் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, போட்டார்கள். கிராமமும் சாலையும் தப்பின. மணல் வரத்து குறைந்த தெற்குப் பக்கத்து நிலம் இன்னும் வேகமாகச் சரிந்தது. புதுச்சேரிக்காரருக்கு இதை விளக்கவா வேண்டும்? எண்பதுகளின் கடைசியில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவரை நீட்டியதும், வடக்கே போக வேண்டிய மணல் அதன் தெற்கே தேங்கியது. ஊருக்கு முன்னால் இருந்த மணல்வெளி போய்க் கருங்கல் குவியல் வந்தது. திசைதான் வேறு, நடந்தது ஒன்றே.

இயற்கைச் சீற்றம் என்ற பகுதிக்கு ‘தானே’ என்று பெயர் வைத்த புயல் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. நெல் என்றால் அடுத்த போகத்தில் பார்த்துக்கொள்ளலாம், மரப்பயிருக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காற்றின் வேகத்தை மட்டும் வைத்துப் பாதிப்பை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். இடங்களின் அடையாளம் பற்றிய பாடத்துக்கு, புதுச்சேரியில் பிரெஞ்சுப் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கிற பெரிய வாய்க்காலின் இரு கரையும் போதும். ஆனால் வகுப்பில் நடத்தும் உதாரணங்களை விட்டுவிட்டு ஊர்க்கதை மட்டும் எழுதக் கூடாது. எங்கே பொருந்தும் என்று ஆசிரியரிடம் கேட்கட்டும்.

இரண்டு வருடத்தில் குறைந்தது 4 நாள் களப்பணி கட்டாயம். தனி ஆய்வில் தலைப்பும் எழுத்தும் பிள்ளையுடையதாகவே இருக்க வேண்டும். டியூஷன் சார் எழுதித்தருகிற வேலை ஆபத்து, மதிப்பெண்ணே போய்விடும். பெரிய கருவியெல்லாம் வேண்டாம். தூண்டில் வளைவின் மேல்விளிம்பிலிருந்து மணல் எவ்வளவு கீழே இருக்கிறது என்று இரண்டு பக்கமும் டேப் வைத்துப் பல இடங்களில் அளந்தாலே மணல் எந்தப் பக்கம் போகிறது என்பது தெரிந்துவிடும். லீவில் ஊருக்குப் போகும்போது கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் அளந்து வரலாமே என்று தோன்றும். ஆசிரியர் திட்டத்தை ஏற்றால் சரி. ஆனால் ஓர் அளவு விட்டுப்போனால் திரும்பப் போய் எடுக்க முடியாதே. பஸ்ஸில் போய்வரக்கூடிய இடம்தான் என் ஓட்டு.

வெளியூரில் தங்கும் களப்பயணத்துக்குப் பள்ளி பணம் கேட்கலாம். கஷ்டமென்றால் உதவி நிதி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். மழைக்கோட்டும் பிடிப்புள்ள ஷூவும் வாங்கிவிடுங்கள். குடை அந்தக் காற்றில் நிற்காது.