ஃபைபரில் நேரியலற்ற குறுக்கீட்டைக் குறைப்பது எப்படி?

நீண்ட தூர ஃபைபர் இணைப்பில் பிழைகள் கூடினால், பலருக்கும் பவரை ஏற்றத்தான் கை போகும். சில நேரம் அதுவே நிலைமையைக் கெடுக்கும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண், உள்ளே போகும் ஒளியின் செறிவுக்கு ஏற்பத் துளியளவு மாறும். இதுதான் கெர் விளைவு. சாதாரண சிங்கிள் மோடு ஃபைபரில் ஒளி அடைபட்டுச் செல்லும் பரப்பு சுமார் 80 சதுர மைக்ரோமீட்டர்தான். அதனால் சில மில்லிவாட்கூட, நூற்றுக்கணக்கான கிலோமீட்டரில், சிக்னலின் கட்டத்தை (அலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை) குலைத்து, அதே ஃபைபரில் வேறு அலைநீளங்களில் போகும் பக்கத்துச் சேனல்களையும் கெடுக்கும். இதுதான் நேரியலற்ற குறுக்கீடு.

படி 1: காரணத்தை உறுதி செய்யுங்கள்

ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையரிலிருந்தும் ஃபைபருக்குள் போகும் பவரை 1 டெசிபல் (சுமார் 20 சதவீதம்) குறையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பு என்றால் பராமரிப்பு நேரத்தில் மட்டும் செய்யுங்கள். பிழை திருத்தத்துக்கு முந்தைய பிட் பிழை விகிதம் இறங்கினால், குற்றவாளி நேரியலற்ற குறுக்கீடு. ஏறினால் சிக்கல் வேறு. கனெக்டர் அழுக்கிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

படி 2: உச்சப் புள்ளியைக் கண்டுபிடியுங்கள்

அதிகம் பலன் தருவது இந்தப் படிதான், அவசரப்படாதீர்கள். பவரை அரை டெசிபல் அரை டெசிபலாக மாற்றி, ஒவ்வொரு முறையும் சிக்னல்-இரைச்சல் விகிதத்தைக் குறித்து வரைபடம் போடுங்கள். மலை போல ஒரு வளைவு வரும். ஆம்ப்ளிஃபையர் இரைச்சல் மாறாமல் நிற்க, நேரியலற்ற இரைச்சல் பவரின் மூன்றாம் அடுக்காக (பவர் இரட்டித்தால் எட்டு மடங்காக) வளர்கிறது. எனவே உச்சிக்கு வெகுமுன் 1 டெசிபல் கூட்டினால் 1 டெசிபல் லாபம்; உச்சியை நன்கு தாண்டியபின் அதே 1 டெசிபலுக்கு 2 டெசிபல் நட்டம். சரி, எங்கே நிறுத்துவது? உச்சிக்கான பவருக்குச் சற்றுக் கீழே. இந்தப் பக்கம் தவறினால் சேதம் குறைவு.

படி 3: ஃபைபர் வகையைப் பாருங்கள்

ஜி.653 என்ற தர வகை ஃபைபரில் 1550 நானோமீட்டர் அலைநீளத்தின் அருகே நிறப்பிரிகை (வெவ்வேறு அலைநீளங்கள் வெவ்வேறு வேகத்தில் போவது) கிட்டத்தட்ட பூஜ்ஜியம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் சேனல்கள் ஒன்றோடொன்று ஒத்திசைந்தே பயணித்து நான்கலைக் கலப்பு (சேனல்கள் கலந்து புதிய அலைநீளங்களில் தேவையற்ற ஒளி உருவாவது) பெருகும். சாதாரண சிங்கிள் மோடு வகையான ஜி.652-இல் ஒரு நானோமீட்டருக்கு, ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 17 பிக்கோசெகண்ட் நிறப்பிரிகை இருப்பதால் அந்த ஒத்திசைவு உடைகிறது. ஜி.653 வழியே போக வேண்டியிருந்தால், சேனல் இடைவெளியைச் சமமில்லாமல் வையுங்கள், அல்லது அந்த அலைநீளத்தை விட்டு விலகுங்கள்.

படி 4: அப்புறம்தான் கூடுதல் கருவிகள்

ராமன் பெருக்கம், தனியாகச் செலுத்தும் வலுவான ஒளியைக் கொண்டு, ஃபைபருக்குள்ளேயே சிக்னலை வளர்ப்பதால் குறைந்த பவரில் தொடங்கலாம். ரிசீவரில் டிஜிட்டல் பின்பரவல் (ஃபைபரில் நடந்ததைக் கணக்கீட்டில் பின்னோக்கி ஓட்டிச் சரிசெய்வது) செய்யலாம்; அது கணக்கீட்டை விழுங்கும், பெரும்பாலும் சொந்தச் சேனலின் கோளாறை மட்டுமே சரிசெய்யும்.